ஒதுக்கிய கடிதங்களை வாசிப்பவர்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு சிறிய அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தவர் அவர். ஒல்லியான பெண். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை நூலால் கட்டியிருப்பார். போரில் சிதறிப்போன ஊர்க்காரர் கணினி வழியே எழுதி வாசிக்க அங்கே ஒரு பழைய இணையச் செய்திக்குழு நடந்தது. பல இடங்களில் எழுதப்பட்ட கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்து சேரும். அவர் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், அது கட்டுகளைப் பிரித்துச் சரியானவற்றைக் குழுவில் சேர்க்கும், பிழையானவற்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கியதை வேறு யாரும் பார்ப்பதில்லை. அவர் ஒவ்வொன்றையும் திறந்து வாசிப்பார்.

அப்படித்தான் என் கடிதம் அவர் கண்ணில் பட்டது. போரில் பிரிந்த அக்காவைத் தேடி ஒரு கணினிக் கடையிலிருந்து எழுதியிருந்தேன். அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன்; அதையும் கடிதத்தில் சொல்லியிருந்தேன். உச்சி வெயிலில் துறைமுக வாசலுக்கு வந்து விசாரித்து என்னைப் பிடித்துவிட்டார்.

“தம்பி, கடிதத்துக்குத் தலைப்பே போடேல்லை. அதுதான் கணினி ஒதுக்கிப்போட்டுது.”

“என்ன போடுறதெண்டு தெரியேல்லை மிஸ். நான் அஞ்சாம் வகுப்பு மட்டுந்தான் படிச்சனான்.”

“‘அக்காவைத் தேடுறன்’ எண்டு போடுவம். மறுமொழி எங்க வரவேணும்?”

“நான் ஓரிடத்தில நிக்கிற ஆளில்லை.”

“ஓம், தெரியுது. கடிதத்திலயும் ஒரு முற்றுப்புள்ளி இல்லை,” என்று சிரித்தார். “என்ர வீட்டு விலாசத்தைப் போடுறன். இடைக்கிடை வந்து கேளுங்கோ.”

அதன் பிறகு பல ஊர் போய்விட்டேன். திருகோணமலைப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் வீட்டுப் படலையைத் தட்டுகிறேன். மறுமொழி இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். முன்பின் தெரியாத என்னைத் தேடி அந்த வெயிலில் ஏன் வந்தார் என்று கேட்க நினைப்பேன். அதற்குள், “இருங்கோ தம்பி, சாப்பிட்டிட்டுப் போகலாம்,” என்று குசினிக்குள் போய்விடுவார்.