ஆபிரகாமுக்குச் சான்று இல்லை என்று எழுதியவன்

ஆபிரகாமைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தால் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. மாணவர்களுக்கான கலைக்களஞ்சியம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பதிப்பாளர் போனில் தேன் தடவிப் பேசினார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், கதை தெரியும். சரித்திர வாத்தியார், எந்தப் பக்கமும் சாய மாட்டேன். என்னை விட்டால் வேறு ஆள் இல்லையாம். இரண்டே பக்கம்தான். அந்த இரண்டு பக்கத்துக்கு ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்தேன்.

குடியிருப்பது பேட்டையில் என்றாலும் பிறந்தது உவரி. எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் தப்பித்தவன் நான் ஒருவன்தான். அக்கா ராதாபுரம் சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்றுத்தான் என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தாள். அந்தப் படிப்பை வைத்து அவளுக்கு நான் செய்த கைம்மாறைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வினைச்சொல்லும் வழக்குக்கு வந்து நின்றது. 'வாழ்ந்தார்' என்று எழுதலாமா, 'வாழ்ந்ததாக நம்பப்படுகிறது' என்று எழுதலாமா? அவருக்கு ஒட்டகங்கள் இருந்ததாக வேதம் சொல்கிறது; அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் ஒட்டகம் பழக்கத்தில் இருந்ததா என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை. ஆண்டவர் கேட்டார் என்று அவர் மலைமேல் பலிகொடுக்கக் கூட்டிப்போன பிள்ளை யார் என்பது அதைவிடப் பெரிய வம்பு. எங்களுக்கு ஈசாக்கு. எங்கள் கல்லூரி அரபி வாத்தியாருக்கு இஸ்மாயில். நான் 'மகன்' என்று மட்டும் எழுதி, இரு மரபுகளையும் அடுத்தடுத்து வைத்து, முடித்ததை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் அடி வாங்காம நடுவுல நடந்து போயிட்டீரு வே. ஆனா அந்த மனுசன் எங்க? ஆளையே காணோமே."

எனக்குச் சுருக்கென்றது. நடுநிலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கட்டுரையின் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: 'இப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கோ, மலைமேல் அந்த நிகழ்ச்சி நடந்தது என்பதற்கோ, சமய நூல்களுக்கு வெளியே இதுவரை சான்று கிடைக்கவில்லை.' ஒரு சொல் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. அச்சுப் படி வந்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உவரிக்குப் பஸ் ஏறினேன். அக்காவிடம் காட்டிப் பெருமைப்பட வேண்டுமே!

அக்காவின் மூத்த மகன் கடலுக்குப் போய் அப்போது இரண்டு வருஷம் முடிந்திருந்தது. மூன்று பேர் போன வள்ளம் காற்றில் கவிழ்ந்து மிதந்தது. இரண்டு பேரைக் கடல் திருப்பிக் கொடுத்தது. இவனை மட்டும் கொடுக்கவில்லை. அவன் வயிற்றில் இருந்தபோதே சாமியாருக்குப் படிக்க வைப்பதாக அக்கா நேர்ந்திருந்தாள். அவனோ குருமடத்திலிருந்து ஓடிவந்து வள்ளத்தில் ஏறிவிட்டான். நேர்ந்ததைக் கொடுக்காததால் ஆண்டவர் சோதிக்கிறார், சோதித்து முடித்ததும் திருப்பிக் கொடுப்பார் என்பது அவள் கணக்கு. ஆபிரகாமுக்குக் கத்தி இறங்கும் முன்னால் கையைப் பிடித்தவர் தனக்கும் பிடிப்பார் என்பாள். யார் ஆறுதல் சொல்ல வந்தாலும் அந்த மலையில்தான் கொண்டுபோய் நிறுத்துவாள்.

கல்லறைத் திருநாள் அன்று அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரைக் கோவிலில் வாசிப்பது வழக்கம். முதல் வருஷம் உபதேசியார் நல்லெண்ணத்தில் இவன் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டார். அக்கா நடுப்பூசையில் எழுந்து நின்று அந்தப் பெயரை அடிக்கச் சொன்னாள். அடிக்கும்வரை உட்காரவில்லை. இறந்தோர் பூசைக்கும் அடக்கத்துக்கும் அவள் சம்மதிக்கவே இல்லை. அவனுக்கு அடுத்த மகளுக்குக் கல்யாணம் பேச முடியாமல், அழுது தீர்க்கவும் முடியாமல் அந்த வீடு அப்படியே கிடந்தது.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் வாசித்தேன். அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா சுளகில் காய்ந்த நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முதல் பக்கம் முழுக்க முகத்தில் சிரிப்பு. தம்பி எழுதியது அச்சாகியிருக்கிறதே. கடைசி வாக்கியத்தில் கை நின்றது.

"அப்போ பிள்ளைய திருப்பிக் குடுக்கலையா?"

நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். சான்று இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. நடந்தது என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தியாசம் அது. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு இதெல்லாம் வெளங்கல தம்பி. நீ படிச்சவன். குடுத்தாரா, குடுக்கலையா, அத மட்டும் சொல்லு."

குடுத்தாருக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? அது வகுப்பறையும் இல்லை, களஞ்சியமும் இல்லை. ஆனால் என் வாய்க்கு அது வரவில்லை. சொல்ல முடியாதுக்கா என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுச் சுளகைப் புடைக்கத் தொடங்கினாள். கோபித்திருந்தால்கூடத் தேவலை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லி மீன்குழம்பு ஊற்றினாள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அத்தான் போன் செய்தார். அக்கா தானாகவே பங்குச் சாமியாரிடம் போய் அடக்கத்துக்கு நாள் கேட்டிருக்கிறாள். நீர் பேசினதுலதான் மாப்ள அவ மனசு எறங்கிருக்கு, நாங்க ரெண்டு வருசமா முட்டி மோதுனது நடக்கலையே என்று குரல் உடைந்து நன்றி சொன்னார். சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் என்னைப் பாராட்டினார்கள். நான் பேசி மாற்றவில்லை, அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளையை வெட்டினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வாரமே பதிப்பாளரும் கூப்பிட்டார். ஆபிரகாம் வேண்டாம் அண்ணாச்சி, குழுவில் பயப்படுகிறார்கள், எப்படி எழுதினாலும் யாராவது கொடி பிடித்துக்கொண்டு வருவார்கள், எதற்கு நமக்கு வம்பு என்றார். எடுத்தாகிவிட்டதாம். பக்கத்துப் பதிவு ஆப்பிரிக்க யானையாம், படத்தைப் பெரிதாகப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டார்களாம். நான் சரி என்று மட்டும் சொன்னேன். ஆக, அந்த வாக்கியத்தை இந்த உலகத்தில் படித்தவர்கள், பதிப்பகத்தாரையும் அச்சு வேலைக்காரர்களையும் விட்டால், அரபி வாத்தியாரும் நானும். காது கொடுத்துக் கேட்டவள் அக்கா ஒருத்திதான்.

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் பெட்டியில் அவர்கள் உடுத்திய துணியை வைத்து அடக்கம் செய்வார்கள். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம். காலை வெயில் மணலில் சுட்டது. பெட்டி குழியருகே திறந்திருந்தது. அவனுடைய நீலச் சட்டையை வைக்க வேண்டியவள் அக்கா. சாமியார் தீர்த்தச் செம்போடு காத்திருந்தார். அத்தான் அவள் தோளைத் தொட்டு, பைய வைம்மா என்றார். அவள் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கிட்ட வரச் சொன்னாள்.

"ஏலே, இவன் செத்ததுக்குச் சாட்சி இருக்கா?"

கேள்வி சரியான கேள்வி. என் மாணவர்களில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பதிலும் எனக்குத் தெரியும். இல்லை. கவிழ்ந்த வள்ளம் ஒன்று, கரை ஒதுங்கிய வேறு இரண்டு உடல்கள்; இவனைப் பற்றி ஒன்றுமே இல்லை. செத்ததாக நம்பப்படுகிறது, அவ்வளவுதான் எழுதலாம். அதைச் சொல்லியிருந்தால் அவள் அந்தச் சட்டையோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். ஆனால் அத்தான் என்னைப் பார்த்தார். சாமியார் பார்த்தார். ஊரே என் வாயைப் பார்த்தது. இனிமேலாவது அவள் அழுது முடிக்கட்டும் என்று நினைத்தேனா, வெறும் பயமா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"இருக்குக்கா" என்றேன்.

அவள் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.