எந்தக் கடல் என்று சொல்லாத டேபிள்

1. ‘பாஸ்’ போட மாட்டேன்

“பாஸ் எண்டு போட்டு அனுப்பும் பிள்ளை. நாளைக்குச் சங்கத்துக்குக் குடுக்க வேணும்” என்றார் சேர், என் மேலாளர்.

“போட மாட்டன் சேர்” என்றேன்.

மன்னார்த் தீவில் எங்களுடையது சிறிய மென்பொருள் கந்தோர். செய்து முடித்த பக்கங்களைச் சோதித்து ‘பாஸ்’ போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. படித்தது, சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அல்ல.

அது கீரிக் கடற்கரைப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றுக்காகச் செய்த கடல்நிலைப் பக்கம். அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு டேபிள்கள் இருந்தன. மேலே இருப்பது வடகடல், கீழே இருப்பது தென்கடல். ஆனால் இரண்டிலும் பெயர் இல்லை. தீவில் பிறந்தவனுக்கு மேலே வடகடல், கீழே தென்கடல் என்று யார் சொல்ல வேண்டும்? எங்கள் டிசைனரும் தீவுக்காரன், எழுதவில்லை. பார்த்தவர்களும் தீவுக்காரர், கேட்கவில்லை. காலை, பகல், இரவு என்ற தலைப்புகளுக்கும் காற்று, அலைக்கும் வெறும் படங்கள்.

அந்தச் சங்கத்தில் கடல்நிலையை ஸ்பீக்கரில் அறிவிப்பவர் சேவியர் அண்ணை. அவருக்குக் கண் தெரியாது. இதுவரை செய்தி எஸ்.எம்.எஸ்ஸாக வந்தது. போனில் உள்ள ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்க, அவர் மைக்கில் சொல்வார். இனி எஸ்.எம்.எஸ் இல்லை, இந்தப் பக்கம்தான். அவரால் இதை வாசிக்க முடியாவிட்டால் மைக்கைத் தன் மருமகனிடம் கொடுக்கப்போவதாகச் சங்கச் செயலாளர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கேட்டேன். “டேபிள். படம். படம். முப்பத்தைந்து. நாற்பது.” எது காற்று, எது அலை, எந்தக் கடல் என்று ஒன்றுமே இல்லை.

சேரிடம் சொன்னேன். எழுத்துத் தெரியாத ஆட்களுக்காகத்தானே படம் போட்டோம் என்றார். “உம்மட அப்பாவுக்கும் லேசுதானே?”

“என்ர அப்பா போனே பாக்கிறேல்ல சேர். சேவியர் அண்ணையின்ர குரலைக் கேட்டுத்தான் கடலுக்குப் போறவர்.”

“சரி, அடுத்த வேர்ஷன்ல பாப்பம்.”

“அதுக்கிடையில அந்த மனுசனுக்கு வேலை போயிடும்.”

வேறு ஆளைக் கொண்டு பாஸ் போடுவிப்பேன் என்றார். போடுவியுங்கோ, என் பெயர் அதில் வராது என்றேன். அப்படியே போடுவித்தார்.

2. மைக்கை அழுத்தாத மனிதர்

மறுநாள் சேர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மடிக்கணினியைத் தூக்க ஆள் வேண்டுமாம். நல்லதாய்ப் போயிற்று.

சோளகம், தென்மேற்குக் காற்றுக் காலம். தென்கடல் குமுறும், வடகடல் அடங்கிக் கிடக்கும். சேவியர் அண்ணை கதிரையில் அமர்ந்து போனைக் காதில் வைத்தார். படம், படம், எண், எண். இரண்டு தரம் கேட்டார். மைக்கில் கை வைக்கவில்லை.

“முதலாவது வடகடல்தானே. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். சொல்லுமன்” என்றார் செயலாளர்.

“செயலாளர், உங்கட கலியாணத்திலயும் பொம்பிளையின்ர பேரைக் கேட்டுத்தானே பங்குச் சுவாமி கட்டி வச்சவர்? எந்தக் கடல் எண்டு போன் சொல்லட்டும். பிறகு நான் சொல்லுறன்.”

பக்கத்தில் நின்ற அவருடைய மருமகனே சிரித்துவிட்டான். செயலாளர் சிரிக்கவில்லை. பார்த்தீர்களா, இவருக்குச் சரிவராது என்று சேரின் பக்கம் திரும்பினார்.

நான் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தின் கோட் வரிகளைத் திறந்து சேருக்கு முன்னால் வைத்தேன். அதில் முதலில் எழுதியிருந்தது தென்கடல் டேபிள். டிசைனர் அதை முதலில் செய்துவிட்டு, ஸ்டைலிங்கால் வடகடலைத் திரையில் மேலே ஏற்றியிருந்தான். கண் திரையைப் பார்க்கும். ஸ்கிரீன் ரீடர் கோட் எழுதிய வரிசையில்தான் வாசிக்கும்.

“செயலாளர் சொன்னபடி இவர் அறிவிச்சிருந்தா, வடகடலின்ர அமைதியைத் தென்கடலுக்குச் சொல்லியிருப்பார். அதைக் கேட்டு வள்ளம் இறக்கியிருப்பாங்கள் சேர்.”

செயலாளர் யன்னலால் கடலைப் பார்த்தார்.

“திருத்தும்” என்றார் சேர், மெதுவாக.

அங்கேயே இருந்து திருத்தினேன். இரண்டு டேபிள்களுக்கும் கேப்ஷனில் கடலின் பெயர். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன என்று ஒரு சொல். தலைப்புகளை ஹெடர் என்று குறித்து, அதனதன் எண்களோடு இணைத்தேன். கோட் வரிகளிலும் வடகடலை முதலில் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குமுன் முடிந்தது. அடுத்த வேர்ஷனுக்குத் தள்ளிய வேலை இவ்வளவுதான்.

சேவியர் அண்ணை மறுபடி போனைக் காதில் வைத்தார். ஒரே தரம் கேட்டார். மைக்கை அழுத்தினார். “வடகடல்” என்ற சொல் கரை முழுக்கப் போனது.

3. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு

டேபிளைக் கண்ணால் சோதித்த பிறகு, திரையை அணைத்துவிட்டுக் காதாலும் சோதியுங்கள். ‘எல்லாருக்கும் தெரியும்’ என்று யாராவது சொன்னால், அந்த எல்லாருக்குள் யார் இல்லை என்று கேளுங்கள். அவசரப்படுத்துவார்கள், உங்கள் வீட்டாரை இழுத்துப் பேசுவார்கள். பாஸ் போடாதீர்கள்.

எனக்குத் தலைக்கனம் என்று கந்தோரில் கதை. இருக்கட்டும். மைக் இன்னும் சேவியர் அண்ணையிடம்தான் இருக்கிறது. முதலில் கடலின் பெயரைச் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா வலையைத் தூக்குகிறார்.