அவள் கேட்ட தண்ணீர்ச் சத்தம்

போன வருடம், சிறுபோக அறுவடை முடிந்த நேரம். முரசுமோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சின்ன வள்ளம் கட்டத் தொடங்கினேன். நெல் விதைக்கிறவனுக்கு வள்ளம் எதற்கு என்று கேட்காத ஆளில்லை.

என் மனைவி கடலோரக் களப்பை ஒட்டிய கொக்கிளாயில் பிறந்தவள். சில வருடங்களாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஒருநாள் போனில், "களப்பிலை வள்ளத்துக்கை சும்மா இருக்க ஆசையாக் கிடக்கு" என்றாள். அந்தச் சொல் என்னை விடவில்லை.

வீடியோக்களைப் பார்த்துப் பிளைவூட் பலகைகளை அறுத்தேன். செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பைபர் ஒட்டினேன். அவள் போன் எடுக்கும்போதெல்லாம் காட்டுவேன். "உது வள்ளமோ, மாட்டுத் தொட்டியோ?" என்று முதலில் சிரித்தாள். பிறகு இருக்கைப் பலகையைத் தணிக்கச் சொன்னாள், பின்பக்கத்தை அகட்டச் சொன்னாள். இருவருமாகத்தான் கட்டினோம்.

தீபாவளிக்கு லீவில் வருவதாக இருந்தது. நான் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த அன்று, லீவு இல்லையாம் என்றாள். நான் பிரஷைக் கழுவி வைத்தேன்.

"நீங்கள் களப்பிலை இறக்குங்கோ. நான் தண்ணிச் சத்தத்தைப் போனிலை கேக்கிறன்" என்றாள் கடைசியில்.

சின்ன லொறியொன்றில் ஏற்றிக் கொக்கிளாய்க்குக் கொண்டுபோனேன். அவளுடைய அண்ணன் தன் வள்ளத்தில் கூடவே வந்தார். களப்பில் கொஞ்சத் தூரம் போனதும் துடுப்பை நிறுத்தி அவளுக்குப் போன் எடுத்தேன்.

"கதைக்காதேங்கோ. போனைத் தண்ணிக்குக் கிட்டப் பிடியுங்கோ."

குனிந்து பிடித்தேன். பலகையில் அலை மெல்லத் தட்டியது. போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் என் காலில் ஈரம் பட்டது. ஒரு மூட்டு ஒழுகியது. சொல்ல மனம் வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று அப்படியே இருந்தேன். தண்ணீர் கணுக்கால்வரை ஏறியது.

"உது வெளியிலை அடிக்கிற சத்தமில்லை! வள்ளத்துக்கை தண்ணி நிக்குது. கரைக்குப் போங்கோ!" என்று கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் கேளுமன்."

"எனக்கு வள்ளம் வேண்டாம். நீங்கள்தான் வேணும்" என்று விம்மினாள்.

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவளுடைய அண்ணன்தான் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்.

வள்ளத்தில் ஒழுகிய மூட்டைப் பிறகு அடைத்துவிட்டேன். அவளுக்கு லீவு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் ஒருத்தி என் காலடியில் என்ன நடக்கிறதென்று கவனித்திருக்கிறாள் என்ற நினைப்புத்தான், அவள் இல்லாத ஒவ்வொரு விடியலிலும் என்னை எழுப்பி வயலுக்கு அனுப்புகிறது.