ஆமென் சொன்ன பிறகு

சபையில் எல்லாருக்கும் அவள் கண்ணாடிக்கார அக்கா. வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குக் கண்ணாடி பொருத்துவாள். சனிக்கிழமை மதியம் சபைக்குப் பின்னால் இருக்கிற பிள்ளைகள் வகுப்பறையில், ஆலோசனை ஊழியத்துக்கு வருகிற தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். மனசு நொந்து வருகிறவர் எதிரில் எப்படி உட்காருவது, எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது என்பதுதான் பயிற்சி. முதலாவதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். இரண்டாவதற்குத்தான் அவள் தொண்டைத்தண்ணீர் வற்றும்.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்தது பக்தி என்று சபையில் சொல்வார்கள். பக்தியும் உண்டு, ஆனால் கோபம்தான் முதலில் வந்தது. குழந்தை இல்லை என்று அவள் அழுதுகொண்டிருந்த வருஷங்களில் ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள், ஆளுக்கொரு டாக்டர் பேர் சொன்னார்கள், தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல ஒருத்தரும் விடவில்லை. பிறகு வயசு தாண்டிவிட்டது, கேட்பதையும் விட்டுவிட்டார்கள். அவளும் கணவரும் அதைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது.

பயிற்சியில் பாதி நடிப்பு. ஒருவர் துயரத்தோடு வந்தவராக நடிப்பார், இன்னொருவர் கேட்பார், மற்றவர்கள் கவனிப்பார்கள். சொந்தத் துயரத்தை எடுக்கக் கூடாது, கற்பனையாகத்தான் இருக்க வேண்டும். முடிந்ததும் நடித்தவர் எழுந்து வேறு நாற்காலிக்கு மாறி, "நான் அந்த ஆள் இல்ல. நான் இன்ன வேலை பார்க்கறேன், என் வீட்ல இன்னார் இருக்காங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பேர் இறங்குவது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

"சிரிங்க. இறங்காம வீட்டுக்குப் போனா, அந்த ஆளும் உங்ககூடவே கிளம்பி வருவான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை அவளே நடித்தாள். எதிரில் தையல்காரம்மா, வந்தவர்களிலேயே பொறுமைசாலி. விபத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்த அம்மாவாக இவள் ஆரம்பித்தாள். ஆரம்பித்தது அவள்தான், பேசியது யாரோ என்றாகிவிட்டது. அவனுக்குத் தாடையில் ஒரு தழும்பு, சைக்கிளில் இருந்து விழுந்தது. குளிக்கும்போது முனகிக்கொண்டே பாடுவான். குப்புறத்தான் படுப்பான். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பாஸ்டர் உள்ளே வந்தார். சபைக்குப் புதுசு, பத்து நாள்கூட ஆகவில்லை. அழுகிற கூட்டத்தைப் பார்த்தார், செத்த மகனின் தழும்பைப் பற்றி அக்கா மறுபடியும் சொன்னதைக் கேட்டார், அவ்வளவுதான். நேரே வந்து அவள் தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, மகனை இழந்த இந்தத் தாயைப் பாரும்" என்று ஆரம்பித்து, அந்த மகனின் ஆத்துமாவுக்கும் தழும்புக்கும் சேர்த்து மனமுருக ஜெபித்தார். நல்ல மனுஷன், சத்தியமாக நல்ல மனுஷன். ஆனால் கண்ணை மூடுமுன் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவளும் சொன்னாள். கடவுள் சந்நிதியில் ஆமென் சொன்ன பிறகு, அதெல்லாம் சும்மா என்று எந்த வாயால் சொல்வது? பாஸ்டர் முகம் என்ன ஆகும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். அவள் இறங்கவில்லை.

திங்கட்கிழமை கடையில் ஒரு அம்மா, தன் பையன் கண்ணாடியைத் தொலைத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே நின்றாள். "என் பையனும் இப்படித்தான், கழட்டி எங்க வைப்பான்னு அவனுக்கே தெரியாது" என்றாள் இவள். முதலாளி தலை நிமிர்ந்து பார்த்தார். அவளை இருபது வருஷமாகத் தெரிந்தவர். அவளுக்குக் கையிலிருந்த ஸ்குரூ நழுவிக் கீழே உருண்டது. மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தோடு முனகல் கேட்டது. பாட்டுதான். கதவைத் தள்ளினால் யாரும் இல்லை, தரை மட்டும் ஈரம்.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது என்று உள்ளுக்குள் எதுவோ கெஞ்சியது.

சாப்பிடும்போது கணவனிடம் சிரித்தபடி எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அவர் பஸ் ஓட்டி முதுகு போய் வீட்டில் உட்கார்ந்தவர், அளந்துதான் பேசுவார். பைத்தியமா உனக்கு என்று திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"தழும்பு எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம்."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னதாக வரச்சொல்லித் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். "என்னை இறக்கி விடும்மா. நானா இறங்க முடியல."

தையல்காரம்மா கற்றுக்கொண்டபடியே செய்தாள். "எந்திரிங்கக்கா. இந்த நாற்காலிக்கு வாங்க. நீங்க யாரு?"

"கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறவ."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"நானும் அவரும்." அதற்கு மேல் வரவில்லை. தையல்காரம்மா அவசரப்படவில்லை, வசனம் சொல்லவில்லை, ஜெபிக்கலாமா என்று கேட்கவும் இல்லை. வெகுநேரம் கழித்து, "எனக்குப் பையன் இல்ல. எனக்குப் பிள்ளையே பிறக்கல" என்றாள் கண்ணாடிக்கார அக்கா. இத்தனை வருஷத்தில் அவள் வாயால் அதை முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அழுதாள், தான் நடித்த அம்மாவுக்காக இல்லை, தனக்காக.

வீடு திரும்பும்போது உடம்பு லேசாக இருந்தது. இருட்ட ஆரம்பித்திருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தாழ் போடாத" என்றார் அவர், நாற்காலியில் இருந்தபடி. "அவன் இன்னும் வரல."

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆறரை பஸ்ஸைத் தவற விட்டிருப்பான். அடுத்தது எப்பவும் சிக்னல்ல மாட்டிக்கும். வந்துருவான்."

சொல்ல வேண்டிய வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. அப்படி ஒருத்தன் இல்லைங்க, நான் இறங்கிட்டேன், நீங்களும் இறங்குங்க. சொல்லிவிடலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். தன்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் கோபப்பட்டவள், இந்த மனுஷனிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா?

நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"அவனைப் பத்தி சொல்லுங்க" என்றாள்.

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார்.

"சின்னதுல டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றார். "மடியில உட்கார்ந்துக்கிட்டு ஸ்டியரிங்கை விடவே மாட்டான்."