குரல் வைத்த பாடங்கள்

அக்கா வீட்டுக்காரருக்குக் குரல் போன பிறகு, அவருடைய மடிக்கணினியில் இருந்த பாடங்களையெல்லாம் மேக்ரோ ஓடக்கூடிய வகைக்கு மாற்றித் தரும் வேலை என் தலையில் வந்து விடிந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. யோசனை சொன்னவனே நான்தான். யோசனை சொல்கிறவன்தான் வேலையையும் செய்ய வேண்டும் என்பது என் அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம். எங்கள் குடும்பத்திலும் அதுதான் நடைமுறை.

மாமா சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நான் கடலூரில், தொழிற்சாலை ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஸ்லைடு தயாரிக்கிறவன். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, தலைக்கவசத்தை எப்படி மாட்டுவது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவது என் பிழைப்பு. இதை ஒரு வேலை என்று மாமா ஒப்புக்கொண்டதே கிடையாது. "படம் ஒட்டுற வேல" என்பார். அவருக்கே அந்தப் படம் ஒட்டுகிறவன் தேவைப்படுவான் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

தொண்டையில் கட்டி என்று தெரிந்து பாண்டிச்சேரியில் காட்டினோம். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அக்கா அழுதாள். மாமா, "அப்ப பதினொண்ணாவது பசங்களுக்கு யாரு பாடம் எடுக்கறது?" என்று கேட்டார். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். அவரிடம் கேட்கிற கேள்வியும் இல்லை அது.

அப்போதுதான் நான் வாயை விட்டேன். பாடத்தைத்தான் ஏற்கெனவே ஸ்லைடாக வைத்திருக்கிறீர்கள். விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொள்ளலாம். நடுவில் பேசுவது மட்டும்தான் குறையும். புரிந்ததா, எழுதிக்கொள்ளுங்கள், நீ எழுந்து சொல் என்பது போன்றவற்றை இப்போதே உங்கள் குரலில் பதிந்து வைத்துவிடுவோம். ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் வரிசையாகப் பொத்தான் வைக்கிறேன். எதைத் தொட்டால் எது பேச வேண்டும் என்று ஒரு மேக்ரோ எழுதிவிடுகிறேன். மேக்ரோ என்றால் கணினிக்கு முன்கூட்டியே எழுதி வைக்கிற உத்தரவு, அவ்வளவுதான் என்றேன். மாமா, "படம் ஒட்டறதுல இதெல்லாம் உண்டா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குரல் பதிந்தோம். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. வெளியே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அக்கா குக்கர் வைத்திருந்தாள். மாமா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்து, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பதிவது குரலை மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

காலரில் மைக்கைக் குத்தியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "மாணவச் செல்வங்களே, இதுவரை நான் கூறியது உங்களுக்கு விளங்கிற்றா?"

"மாமா, சாதாரணமா பேசுங்க."

"சாதாரணமாத்தான் மச்சான் பேசறேன்."

மறுபடியும் மைக். "அன்பு கூர்ந்து அனைவரும் அமைதி காக்கவும்."

எனக்கு அதில் பெரிய தப்பு ஒன்றும் தெரியவில்லை. நம்மவர்களில் மைக்கைப் பார்த்தபின் சாதாரணமாகப் பேசுகிறவர் யார்? வீட்டில் 'வா போ' என்று பேசுகிற மனிதர், பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடித்தால் 'வருகை புரிந்திருக்கும்' என்றுதான் தொடங்குவார். அது மரியாதை. அதுவும் கடைசியாகப் பதிகிற குரல். அதை மடித்துக் கட்டிய வேட்டியோடு பதிய அவருக்கு மனம் வரவில்லை. நானும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் பதியச் சோம்பல்பட்டு, ஒரே கோப்பாக ஓட விட்டேன். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். அதில் யார் பேசினாலும் ஒரே இரைச்சல்தான் வந்தது. ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுப் பீரோவுக்குள் வைத்தார், திரும்ப எடுக்கவில்லை. எதுவானாலும் போனில் தட்டிக் காட்டுவார். அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவார். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "நான் என்னா ஓட்டல் சப்ளையரா, கை தட்டிக் கூப்புடறாரு" என்று என்னிடம் பொருமினாள். அவரிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் நல்லவர்கள்தான். தாளாளர் வீட்டுக்கே வந்து, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், சம்பளத்தில் ஒன்றும் மாற்றமில்லை என்றார். மாமா போனில் தட்டிக் காட்டினார்: 'எனக்கு வகுப்பு வேண்டும்.' தாளாளர் யோசித்துவிட்டு, பள்ளி திறந்ததும் ஒரு வகுப்பு எடுங்கள், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன், சரிப்பட்டு வந்தால் தொடருங்கள் என்றார். இல்லாவிட்டால் நூலகம். அந்த நூலகத்தில் இரண்டு அலமாரியும் பழுதான ஒரு கேரம் போர்டும் இருந்தன. மாமா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

ஆகவே கோப்புகள். சாதாரண ஸ்லைடு கோப்பு மேக்ரோவைத் தன்னோடு வைத்துக்கொள்ளாது. சேமிக்கும்போதே கழற்றி விட்டுவிடும். அதற்கென்று தனி வகை இருக்கிறது. பெயரின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்துக்குப் பதிலாக எம் என்று இருக்கும். இதை மாமாவுக்குச் சொல்லி வைத்தது வினையாகிப் போனது. நான் போவதற்குள் அவரே ஒவ்வொரு கோப்பாகப் பிடித்து, எக்ஸை அழித்து எம் போட்டு வைத்திருந்தார். 'முடித்துவிட்டேன் மச்சான். ஆனால் எதுவும் திறக்க மாட்டேன் என்கிறது' என்று செய்தி வந்தது. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது என்று ஓர் இயற்பியல் வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

எக்ஸையெல்லாம் திருப்பிப் போட்ட பிறகு என் வேலையைத் தொடங்கினேன். மேக்ரோவும் பொத்தான்களும் மட்டும் உள்ள ஒரு காலிக் கோப்பை முதலில் செய்தேன். பிறகு ஒரு சிறு உத்தரவு எழுதினேன். கோப்புறையில் இருக்கிற ஒவ்வொரு பாடத்தையும் எடு, அதன் ஸ்லைடுகளைக் காலிக் கோப்பின் நகலுக்குள் கொட்டு, அதே பாடத்தின் பெயரில் மேக்ரோ வகையாகச் சேமி, மூடு, அடுத்ததற்குப் போ. குரல் துண்டுகள் கோப்புக்கு உள்ளே இல்லை. பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் எண் போட்டு வைத்தேன். முதல் பொத்தானைத் தொட்டால் முதல் துண்டு பேசும். ஓட விட்டுவிட்டு நானும் மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அலகுகள், இயக்கவியல், வெப்பம், அலைகள் என்று அவர் இத்தனை வருடம் கட்டிய பாடங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கக் கூடாது.

தாளாளர் வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் ஒத்திகை பார்த்தோம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமா திரையின் மேலே வந்த மஞ்சள் பட்டையைத் தொட்டு மேக்ரோவுக்கு அனுமதி கொடுத்தார். பாடம் ஓடியது, பொத்தான்கள் வந்தன. முதல் பொத்தானைத் தொட்டார். "மாணவச் செல்வங்களே, இதுவரை நான் கூறியது உங்களுக்கு விளங்கிற்றா?" என்றது அறை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கி, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "சார், நல்லா இருக்கு சார். இது யாரு சார் பேசறது, ரேடியோக்காரரா?"

மாமா சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 'நான்தான்' என்று எழுதினார். உடனே அழித்துவிட்டார். அதன்பின் அவர் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. பின்வரிசையில் பேச்சு ஆரம்பித்தது. அமைதி காக்கச் சொல்லும் பொத்தான் இருந்தும் அவர் சும்மா நின்றார். எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்தது. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வருடமாக அவர் குரலைக் கேட்டவள் அவள். அந்த மாதிரி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

வெளியே வந்ததும் போனைக் காட்டினார். 'நூலகத்துக்கே போகிறேன். விடு.'

நான் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். இன்னொரு தடவை பேசுங்கள் என்று சொல்ல முடியாது. பி.முட்லூர் தாண்டியதும் வேறு வழியில்லாமல் போனில் இருந்த அந்த முழுப் பதிவைக் காதில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் வெட்டி ஒட்டினால் செல்வங்களையாவது நீக்கலாம் என்று ஓர் எண்ணம். முன்பு நான் தேவையான வாக்கியங்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு, நடுவில் இருப்பதையெல்லாம் சத்தம் என்று ஓட்டித் தள்ளியிருந்தேன்.

நடுவில்தான் மாமா இருந்தார்.

"யாரு அங்க சத்தம் போடறது? வெளிய வந்தேன்னா பாரு." இது சந்தில் கிரிக்கெட் ஆடிய பையன்களுக்கு. "எத்தன தடவ சொல்றது? இப்பவாச்சும் புரிஞ்சுதா, இல்லியா?" இது எனக்கு, மைக்கைக் காலரில் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்பது பற்றி. "சரி உடு, இன்னொரு தடவ பாப்போம்." "அப்டி இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லு." இதுவும் எனக்குத்தான். அப்புறம் குக்கர் விசில், அதன்மேல் அக்காவைக் கூப்பிடுகிற குரல்: "ஏய், இங்க வந்துட்டுப் போ." சமையலறையிலிருந்து அக்கா, "வரேன், வரேன். என்னா அவசரம்?" என்கிறாள்.

புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் என்னப்பா ஆச்சு என்று கேட்டார். தூசி என்றேன். அழுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற அதே பொய்.

கோப்புகளைத் தொட வேண்டியிருக்கவில்லை. பழைய துண்டுகளை எடுத்துவிட்டு, புதியவற்றை அதே எண்ணில் வைத்தால் போதும். மறுநாளே கடலூரில் உட்கார்ந்து வெட்டினேன். கூப்பிடுகிற குரலில் ஒட்டிக்கொண்டிருந்த விசிலைப் பிரிக்க முடியாமல் அப்படியே விட்டேன். அக்காவின் பதிலை மட்டும் நறுக்கினேன், பையன்களைக் கரும்பலகைக்குக் கூப்பிட அது எதற்கு? பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனேன். மாமா ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் போனில், 'இது எப்போது பேசினேன்?' என்று தட்டினார். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்த அன்று என்றேன்.

தாளாளர் வந்த நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வகுப்பு வராந்தாவில் நின்றேன். கடைசி பெஞ்சில் அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். மாமா திரும்பாமலே பொத்தானைத் தொட்டார். "யாரு அங்க சத்தம் போடறது? வெளிய வந்தேன்னா பாரு." வகுப்பு அப்படியே உறைந்தது. தாளாளர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். ரேடியோக்காரரா என்று கேட்ட பெண் முன்பக்கம் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். "ஏய், இங்க வந்துட்டுப் போ" என்றதும், குக்கர் விசிலோடு, ஒரு பையன் எழுந்து கரும்பலகைக்கு வந்தான். அப்போதுதான் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், சத்தமில்லாமல்.

நூலகத்தை யாரோ வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போயிருந்தேன். மாமா கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமைப் பாடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், அதையும் தொட்டார்.

"ஏய், இங்க வந்துட்டுப் போ."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "கூப்டீங்களா?"

அவர் கூப்பிடவில்லை. இல்லை என்று தலையாட்டத்தான் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். என்ன வேண்டும் என்று அவள் கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்று கையசைத்தார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் அதே பொத்தானைத் தொட்டார். நான் பேப்பரை இறக்கவில்லை. நான் வெட்டிப் போட்டிருந்த பதில் சமையலறையிலிருந்து வந்தது.

"வரேன், வரேன். என்னா அவசரம்?"