இசட்டின் தலையில் ஒரு புள்ளி

2012இல் மல்கிரேவ் என்ற புறநகரில், பெயர்ப்பலகை செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்தேன். படகில் அகதியாக வந்தவள், தற்காலிக விசா. இயந்திரம் வெட்டித் தரும் ஸ்டிக்கர் எழுத்துகளைத் தகட்டில் ஒட்டுவது என் வேலை.

ஒருநாள் ஒரு சின்னப் பூங்காவுக்கான பலகை வந்தது. உலகமே அறிந்த ஓர் இசையமைப்பாளரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். பலர் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றே நினைப்பதால், அவர் பிறந்த ஊரின் பெயரைப் போலிஷ் மொழியிலேயே கீழே போடச் சொல்லியிருந்தார்கள். மாதிரியைப் பார்க்க அப்பகுதிப் போலந்துக்காரர்கள் சார்பில் ஒரு பெண் வந்தார். ஊர்ப் பெயரின் முதலெழுத்தான இசட்டைத் தொட்டு, "இதன் தலையில் ஒரு புள்ளி வேண்டும். இல்லாவிட்டால் இது எங்கள் ஊரே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் மேற்பார்வையாளர் தலையாட்டினார். அவர் சென்னைக்காரர்.

அந்தப் பெண் போனதும், "இந்த ஃபான்ட்ல அந்தப் புள்ளி இல்லைங்க. அப்படியே ஒட்டுங்க. யார் பாக்கப் போறாங்க?" என்றார்.

"அந்த மனிசி பார்ப்பா."

"விடுங்க, நாளைக்கு டெலிவரி."

நான் வந்திறங்கியபோது அதிகாரி ஒருவர் என் பெயரைப் பிழையாக எழுதினார். பயத்தில் வாயே திறக்கவில்லை. இன்றும் என் எல்லா அடையாள அட்டைகளிலும் அந்தப் பிழைதான்.

"ஏலாது அண்ணா," என்றேன். "எங்கட எழுத்திலயும் புள்ளி இருக்குத்தானே? அதை எடுத்துப்போட்டா உங்கட பேரையே வாசிக்கேலுமோ?"

"வம்பு பண்ணாதீங்க. உங்க விசாவ நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுப்போட்டுத்தான் சொல்லுறன்."

காகிதத்தில் துளை போடும் கருவியை எடுத்து, மிஞ்சிய வெள்ளை ஸ்டிக்கரில் அழுத்தினேன். இசட்டின் தலையில் ஒட்டிய முதல் புள்ளி தள்ளிப்போனது, உரித்துவிட்டேன். இரண்டாவது நேராக உட்கார்ந்தது.

"உரிங்க அத."

"நான் உரிக்கமாட்டன். வேணுமெண்டா நீங்க உரியுங்கோ."

நகத்தைப் புள்ளியின் விளிம்புவரை கொண்டுபோனார். பிறகு கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பலகை புள்ளியோடுதான் போனது.

மறுநாளே என்னைப் பின்கட்டில் பொதி கட்டும் வேலைக்கு மாற்றினார். இரண்டு மாதம் அட்டைப் பெட்டிகளோடு கிடந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு பஸ் பிடித்துப் பூங்காவுக்குப் போய், பலகையின் முன் வேண்டுமட்டும் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். "திரும்ப ஒட்டுற வேலைக்கு வாங்க. ஆனா சொன்னத மட்டும் செய்யணும்."

"சரியாச் சொன்னா செய்வன், அண்ணா."

முறைத்தார். அடுத்த நாள் காலை என் பழைய மேசையில் புதுத் தகடு ஒன்று காத்திருந்தது.