சகலையின் நீலம்

கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டுச்சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி கோமளாவிடமிருந்து போன் வந்தது. வியாபார நேரத்தில் அவள் அழைக்கமாட்டாள்.

“அத்தான் போயிட்டாரு,” என்றாள்.

எங்கே போனார் என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. காலையில் பசியாறும்போது நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

விரித்த சேலைகளைக் கடைப்பெண் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுக் குயின் ஸ்திரீட்டில் இறங்கி நடந்தேன். காரை எங்கே நிறுத்தினேன் என்பது சற்று நேரம் நினைவுக்கு வரவில்லை.

தியாகராஜன் அவர்கள் என் மனைவியின் அக்காள் சாவித்திரியின் கணவர், எனக்குச் சகலை. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை ‘அண்ணே’ என்பேன். அவர் என்னைச் ‘சகலை’ என்றுதான் கூப்பிடுவார். துறைமுக அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ஆண்டுதோறும் முன்னால் நின்றவர் என்பதால் பலருக்கும் அவர் முகம் தெரிந்திருக்கும். அவருடைய பொறுமையையும் மரியாதையையும் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்லக்கூடியது வேறு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்மேல் பொறாமைப்பட்டவன் நான். அவரை அவ்வளவு உற்றுக் கவனித்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

பொறாமைக்குக் காரணம் ஒரு மீன்தொட்டி.

ஒன்றை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கடல்நீர்த் தொட்டி முதலில் வைத்தது நான்தான். மீன் மட்டுமல்ல, உயிருள்ள பவளங்களும் வளரும் தொட்டி. பவளம் பார்க்கச் செடிபோல இருந்தாலும் அது ஓர் உயிரினம். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பதைத்தான் பவளம் சாப்பிடுகிறது. வெளிச்சம் குறைந்தால் பட்டினி. கூடினால் பாசியை வெளியே துரத்திவிட்டுப் பவளம் எலும்புபோல வெளுத்துவிடும். ஆகவே மேலே தொங்கும் எல்.ஈ.டி. விளக்குதான் அந்தத் தொட்டிக்குச் சூரியன். எந்த நேரத்தில் எரிய வேண்டும், எவ்வளவு எரிய வேண்டும், நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதையெல்லாம் போனிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த சகலை அந்தத் தொட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றார். சர்க்கரைப் பொங்கல் கையிலேயே ஆறிப்போனது.

“ரொம்ப அழகா இருக்கு சகலை. இந்த லைட் எங்க வாங்குனீங்க?” என்று கேட்டார்.

கடையைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். சில மாதங்களில் சுங்கை பினாங்கிலுள்ள அவருடைய டெரஸ் வரிசை வீட்டுக் கூடத்தில் அதே அளவுத் தொட்டி, அதே விளக்கு. அடுத்த பொங்கலுக்கு என் தொட்டியின் கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அவர் தொட்டியில் பவளங்கள் கிளைவிட்டிருந்தன.

என் குறை எனக்குத் தெரியும். சேலைக்கடைக்காரன் நான், சரக்கு பளிச்சென்று தெரிய வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வெள்ளை விளக்கைக் காலையிலிருந்து இரவு வரை ஏற்றி வைப்பேன். அவரோ காலை பத்து மணிக்கு மேல் மெல்லிய நீலத்தில் தொடங்கி, உச்சிவேளையில் கூட்டி, மாலையில் மறுபடி நீலத்துக்கே இறக்கிவிடுவார். நடுவில் கைவைக்கமாட்டார்.

கோமளா சும்மா இருக்கமாட்டாள். “அத்தான் வீட்டுத் தொட்டியப் பாத்தீங்களா? அந்த ஊதா பவளம் கை விரிச்ச மாதிரி இருக்கு. நம்மளோடது ஏன் இப்படி இருக்கு?” என்பாள். என் மகள் தன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குத்தான் போனாள். தொட்டியின் முன்னால் நின்று அங்கேதான் படம் எடுத்தார்கள். உறவினர் யாராவது வெளியூரிலிருந்து வந்தால், “தியாகு வீட்டுக்குப் போய்த் தொட்டியப் பாத்துட்டு வருவோம்” என்றுதான் கிளம்புவார்கள். முதலில் வைத்தவன் நான் என்பதை நானே சொன்னால்தான் உண்டு. நான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன். சகலையும் தலையாட்டி, “ஆமாலா, இவர பாத்துத்தான் நான் ஆரம்பிச்சேன்” என்பார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஆண்டுகள் போகப் போக அவர் தொட்டி நீலமாகிக்கொண்டே வந்தது. கூடத்துக்குள் நுழைந்தால் நம் முகமே நீலமாகத் தெரியும். “என்னண்ணே, டிஸ்கோவா நடத்துறீங்க?” என்று நான் கிண்டல் செய்தேன். அவருக்குப் புரியவில்லை. “டிஸ்கோவா? கொஞ்சம் டல்லா இருக்கேன்னு நேத்துதான் ஒரு படி ஏத்துனேன்” என்றார். கிண்டல் செய்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த நீலத்தில் பவளங்கள் ஒவ்வொன்றும் தணல்போல ஒளிர்ந்தன. அப்படி ஒரு செழிப்பைக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அண்ணே, உங்க லைட் செட்டிங்க எனக்குக் குடுங்க.”

மறைப்பார் என்று நினைத்தேன். அவர் தம் போனிலிருந்த அமைப்பை அப்படியே என் போனுக்கு அனுப்பிவிட்டு, “மெல்லமா ஏத்துங்க சகலை. ஒரே நாள்ல போட்டுடாதீங்க” என்றார். அவர் பவளம் தாங்குகிற வெளிச்சத்தை என் பவளம் ஏன் தாங்காது என்று அன்றைக்கே ஏற்றிவிட்டேன். ஒரு வாரம் ஆகவில்லை. என் தொட்டியில் பாதிப் பவளம் வெளுத்துவிட்டது.

அவர் ஏதோ ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கோமளாவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். அவள் நேராக அக்காவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் மாலை சகலை என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஈரத்துணி சுற்றிய பிளாஸ்டிக் டப்பா. கோபம் இல்லை. விளக்கை இறக்கி அமைத்தார். தொட்டியின்மேல் மெல்லிய வலை ஒன்றை விரித்து வெளிச்சத்தை வடிகட்டினார். பிறகு டப்பாவைத் திறந்து, தம் ஊதாப் பவளத்திலிருந்து ஒடித்துக் கொண்டுவந்த கிளை ஒன்றை என் பாறையில் ஒட்டினார்.

“என் செட்டிங் சரிதான் சகலை. உங்களுது ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்கும் புரியல. நான் ஏத்துனப்ப ஒண்ணும் ஆகல,” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் அந்தக் கிளை என் தொட்டியில் பிழைத்துக்கொண்டபோது, அது என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே எனக்குப் பட்டது.

விடை தெரிந்தது என் கடையில்தான். ஒரு தீபாவளிக்கு முன்னால் அக்காவுக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். நல்ல கருநீலத்தில் பொன்னிறக் கரை போட்ட ஒரு பட்டை எடுத்து விரித்தேன்.

அவர் முகம் சுளித்தார். “என்ன சகலை, தீபாவளிக்குப் போய்க் கறுப்பு எடுத்துக் காட்டுறீங்க?”

“கறுப்பு இல்லண்ணே. நீலம்.”

“வெளாடாதீங்க.”

அவரை வாசலுக்கு அழைத்துக்கொண்டுபோய் வெயிலில் காட்டினேன். கறுப்பு என்றே சாதித்தார். நிறத்தை விற்றுப் பிழைக்கிறவன் நான். நிறம் பிடிக்காத பார்வைக்கும் நிறமே தெரியாத பார்வைக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும். “அண்ணே, நீங்க மொதல்ல கண் டாக்டரப் பாருங்க,” என்றேன்.

இரண்டு கண்ணிலும் புரை. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல முற்றியிருந்தது. முதலில் வலக்கண்ணுக்கு அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று நானும் கோமளாவும் அங்கே இருந்தோம். செருப்பைக் கழற்றியவர் நேராகத் தொட்டியின் முன்னால் போய் நின்றார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு மறுகண்ணைப் பொத்திப் பார்த்தார். மறுபடியும் மாற்றினார்.

“சாவித்திரி,” என்று கூப்பிட்டார். “இவ்வளவு நீலமாவா வெச்சிருந்தேன்? ஏன் யாரும் எனக்குச் சொல்லல?”

“நீங்க ஆசப்பட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்,” என்றார் அக்கா.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதும் சிரிப்பு நிற்கவில்லை. புரை விழுந்த கண் பழுப்புக் கண்ணாடி மாதிரி. நீலம் உள்ளே போகாது. தொட்டி மங்கலாகத் தெரியத் தெரிய அவர் நீலத்தை ஒரு படி ஏற்றியிருக்கிறார். சில மாதம் கழித்து இன்னும் மங்கலாகத் தெரியும், இன்னொரு படி. அவருடைய கண் எவ்வளவு மெதுவாகக் கெட்டதோ அவ்வளவு மெதுவாகப் பவளங்களுக்கு வெளிச்சம் கூடியிருக்கிறது. அவையும் பழகிப் பழகித் தழைத்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அவர் ஏறிய உயரத்துக்குத்தான் நான் ஒரே நாளில் என் பவளங்களைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

“கண்ணு கெட்டது எனக்கு. ஆதாயம் அதுங்களுக்கு. நல்லாதான் இருக்கு, சகலை,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகின்றன. நீலத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் எனக்குப் பெயரோடு தெரியும். அப்படிப்பட்ட என் தொட்டி வெளுத்துப்போகிறது. கண் தெரியாதவருடைய தொட்டி பூத்துக் குலுங்குகிறது. இவருக்கு வருகிற நோய்கூட இவருக்கு நல்லது செய்துவிட்டுப் போகிறதே என்று அன்று காரில் வீடு திரும்பும்போது நினைத்தேன்.

இடக்கண்ணுக்கும் அறுவை முடிந்த பிறகு அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. அந்த நீலத்தில் அவருக்குக் கண் கூசியது. குறைக்கவும் மனம் வரவில்லை; பழகிய உயிர்களைப் பட்டினி போட்டது மாதிரி ஆகிவிடும் என்றார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மஞ்சள் கண்ணாடி போட்ட மலிவான மூக்குக்கண்ணாடி ஒன்றை வாங்கிவந்தார். மாலையில் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மாட்டிக்கொண்டு தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

“பழைய கண்ணால பாக்கறேன்,” என்பார் கேட்பவர்களிடம்.

தம் தவறைத் திருத்துவதற்காக அவர் பவளங்களை வருத்தவில்லை. தம்மை மாற்றிக்கொண்டார். அதையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவர் இறந்த அன்று மாலை அந்தக் கூடத்தில் நுழைந்தபோது அக்காவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை. என் கண் நேராகத் தொட்டிக்குத்தான் போனது. இனி இது யாருக்கு என்று மனம் கேட்டதை நான் தடுக்கவில்லை; தடுக்க முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுது கம்மிய குரலில், “அது இங்கதான் இருக்கும் தம்பி. எனக்குப் பாத்துக்கத் தெரியும். அவரு சொல்லிக் குடுத்திருக்காரு,” என்றார். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்குச் சகலை அனுப்பியது அமைப்பை மட்டும்தான். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை மழை. கூடம் இருண்டு கிடந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு அவரைத் தொட்டிக்கு எதிரே பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு மேல், யாரும் தொடாமலே தொட்டி விளக்கு மெல்ல உயிர்பெற்றது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈப்போவிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “சாவு வீட்ல என்னப்பா கலர் லைட்டு? யாராவது அத அடைங்க,” என்றார்.

பிளக்குக்குப் பக்கத்தில் நின்றவன் நான்தான். ஒரு நாள் இருட்டில் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. கடலில் மேகமூட்டம் இல்லையா? அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“அடைச்சா அத்தனையும் செத்துடும் பெரியவரே,” என்றேன்.

அவர் அடங்கிவிட்டார். கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும். மறுபடி குனிந்துகொண்டார்.

நீலம் ஏறிக்கொண்டே வந்தது. அந்த வெளிச்சம் பெட்டிக்குள் விழுந்தபோது அவருடைய வேட்டியும் சட்டையும் ஒளிரத் தொடங்கின. ஆயுள் முழுவதும் துணி பார்த்தவன் நான். எந்தச் சொட்டு நீலம் போட்டு வெளுத்தாலும் அப்படி ஒரு வெள்ளை வராது. கூடத்தில் இருந்த அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் அப்படித் தெரிந்தார். கோடி போட வந்தவர்கள் கையில் துணியோடு ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள்.

போய் வாருங்கள், அண்ணே. இவ்வளவு அழகாகப் போகிறீர்களே என்று அங்கே நின்று நினைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.